செயின் டைட்: நம் கையா, தெருமுனை மெக்கானிக்கா, கம்பெனியா?

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது செயின் கவரில் 'டக்'கென்று அடிக்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி முறுக்கினால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் கிளம்புகிறது. செயின் லூஸ் என்று தெரிந்துவிட்டது. வீட்டு வாசலிலேயே ஸ்பேனர் பிடிப்பதா, தெருமுனையில் கொடுப்பதா, கம்பெனி சர்வீஸுக்கு விடுவதா? வடசென்னையின் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, மணலி பக்கத்து நண்பர்கள் இதைக் கேட்கும்போது கூடவே ஒரு சலிப்பும் வரும்: "போன மாசந்தானே டைட் பண்ணேன், அதுக்குள்ளயா?"

அந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது. செயின் நீள்வது இரும்பு இழுபட்டு நீள்வதால் இல்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் (சின்ன இரும்புத் தண்டு), அதைச் சுற்றி ஒரு புஷ் (குழல்). அவை ஒன்றோடொன்று உரசித் தேய்வதால்தான் நீளம் கூடுகிறது. சாதாரண கம்யூட்டர் வண்டிச் (அன்றாடம் போய்வரும் சின்ன பைக்) செயினில் இப்படி நூற்றுக்கு மேல் மூட்டுகள் இருக்கும். ஒரு மூட்டுக்கு 0.05 மி.மீ. தேய்ந்தாலே, 110 மூட்டுக்கு 5.5 மி.மீ. ஆகிவிடும். இனி நம் ஊர்ச் சாலையை நினைத்துப் பாருங்கள். காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரை கடலை ஒட்டி ஓடும் வண்டிக்கு உப்புக்காற்றும் மணலும். மணலிப் பக்கம் போனால் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி. மழை வந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையிலும் கொருக்குப்பேட்டைத் தெருக்களிலும் செயின் மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர். எண்ணெய் கழுவிப் போன செயினில் மணல் ஏறினால் தேய்மானம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கையேடுகள் பொதுவாக 500 முதல் 1000 கி.மீ.க்கு ஒருமுறை செயினைக் கவனிக்கச் சொல்கின்றன. இங்கே அந்தக் கணக்கில் சிறிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், மழையில் நனைந்தால் அதுவும் செல்லாது.

ஆக, வருடத்துக்கு இரண்டு தடவை செய்கிற வேலை அல்ல இது. அடிக்கடி வருகிற வேலைக்கு எந்த வழி ஒத்துவரும் என்பதுதான் கேள்வி. என் தீர்மானத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்பேனர் யார் கையில் இருந்தாலும் சரி, அளவு பார்ப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும். அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

## எதை வைத்து எடை போடுவது

ஆட்டம். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரல் வைத்து மேலே தள்ளி, கீழே இழுத்தால் மொத்தம் எவ்வளவு அசைகிறதோ அதுதான் அளவு. பெரும்பாலான கம்யூட்டர் வண்டிகளுக்கு இது 20 முதல் 30 மி.மீ.க்குள் வரும், மெக்கானிக் பாஷையில் ஏறக்குறைய ஒரு அங்குலம். உயரமான சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளுக்கு இதைவிடக் கூடுதலாகக் கேட்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு, எந்த ஸ்டாண்டில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் ஸ்விங் ஆர்மிலோ (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) செயின் கவரிலோ ஸ்டிக்கராகவே ஒட்டியிருப்பார்கள்.

ஆட்டம் எதற்கு, முழுக்க இழுத்துக் கட்டிவிட்டால் சத்தமே வராதே என்று நினைக்கலாம். ஸ்விங் ஆர்ம் ஆடுகிற மையம் ஒன்று, இன்ஜின் பக்கத்துச் சின்ன ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) மையம் வேறொன்று, இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. பின்சக்கரம் மேலும் கீழும் போகும்போது சின்ன ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஆக்சிலுக்கும் (சக்கரத்தின் அச்சு) உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும். மூன்று மையங்களும் ஒரே கோட்டில் வரும்போது அந்தத் தூரம் அதிகபட்சம், அப்போதுதான் செயினும் மிக இறுக்கம். சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது சரியாகத் தெரிகிற செயின், பின்னால் ஆள் ஏறிப் பள்ளத்தில் இறங்கினால் நாண் மாதிரி விறைத்துவிடும். அந்த இழுவை முழுவதும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கிலும் பின்சக்கர பேரிங்கிலும் போய் விழும். லூஸ் செயின் சத்தம் போட்டு எச்சரிக்கும், டைட் செயின் சத்தமே போடாமல் பேரிங்கைத் தின்னும். இரண்டில் எனக்குப் பயம் இரண்டாவதைப் பார்த்துத்தான். அதற்காக லூஸ் செயின் ஆபத்தில்லை என்றில்லை. ஓட்டத்தில் கழன்று பின்சக்கரத்தைப் பூட்டிவிட்டால், பின்னால் டிரெய்லர் வருகிற எண்ணூர் சாலையில் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டாம்.

இன்னொன்று: செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே கீழ்ச் செயினைப் பாருங்கள். தொய்வாக வரும், கொஞ்சம் கொஞ்சமாக விறைக்கும், மறுபடி தொய்யும். அந்த விறைத்த இடத்தில் வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். தொய்வான இடத்தில் வைத்து 25 மி.மீ. சரி செய்தால், விறைத்த இடத்தில் 10 மி.மீ. கூட மிஞ்சாமல் போகலாம்.

நேர். பின்சக்கரம் இரண்டு பக்கமும் ஒரே அளவு பின்னால் போக வேண்டும். கோணலாக நின்றால் செயின் ஸ்ப்ராக்கெட் பல்லின் ஒரு பக்கத்தை மட்டும் அரைக்கும், வண்டியும் ஒரு பக்கமாக இழுக்கும்.

கூடவே மாறுகிற விஷயங்கள். டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் பின்னால் போனால் பிரேக் ராடும் இழுபடும், பெடலின் ஆட்டம் குறையும். அதைத் திரும்பச் சரி செய்யாவிட்டால் பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும், டிரம் கொதிக்கும், மைலேஜ் விழும். பிரேக் லைட் ஸ்விட்சையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

மறுபடி மறுபடி செய்ய முடியுமா. ஒரு தடவை அருமையாகச் செய்துவிட்டு நாலு மாதம் எட்டிப் பார்க்காததைவிட, சுமாராகவாவது அடிக்கடி பார்ப்பது செயினுக்கு நல்லது.

பணம். கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. டைட் செய்ய ஆகும் செலவு எந்த வழியிலும் பெரிதில்லை. தப்பாகச் செய்தால் ஆகும் செலவுதான் பெரிது.

| | சொந்தக் கை | தெருமுனை மெக்கானிக் | கம்பெனி சர்வீஸ் | செயின் செட் மாற்றுவது |
|---|---|---|---|---|
| ஆட்ட அளவு | பொறுமை இருந்தால் மிகச் சரி | ஆளைப் பொறுத்தது, டைட் பக்கம் சாயும் | பெரும்பாலும் சரி | புதிதாகத் தொடங்கும் |
| நேர் | கோடு பார்த்துச் செய்யலாம் | பழகிய கண் | சரியாக இருக்கும் | சரியாகப் பொருத்தினால் |
| நேரம் | அரை மணி முதல் ஒரு மணி | காத்திருப்போடு அரை மணி | அரை நாளுக்குக் குறையாது | ஒன்றிரண்டு மணி |
| கைச்செலவு | முதலில் டூல்ஸ், பிறகு எண்ணெய் மட்டும் | நூறு ரூபாய்க்குள் முடியும் | லேபர், ஸ்ப்ரே, வரி | ஆயிரத்துக்கு மேல் |
| மறைந்த செலவு | ஸ்லீவ் நட், விரல், மரை | பேரிங், பழைய ஆயில் | ஒரு நாள் வேலை | மலிவு செட் வாங்கினால் மறுபடி அதே கதை |

## சொந்தக் கையால் செய்வது

செயின் திறந்து தெரிகிற வண்டி, பின்னால் டிஸ்க் பிரேக், சென்டர் ஸ்டாண்ட் உண்டு என்றால் யோசிக்கவே வேண்டாம், நீங்களே செய்யலாம். ஆக்சில் நட்டுக்கு ஒரு நல்ல ரிங் ஸ்பேனர், மறுபக்கம் ஆக்சிலைப் பிடிக்க இன்னொன்று, சக்கரத்தைப் பின்னால் நகர்த்தும் அட்ஜஸ்டருக்கு ஒன்று, லாக் நட்டுக்கு ஒன்று. அளவுகள் வண்டிக்கு வண்டி மாறும், அதனால் பெட்டி நிறைய செட் வாங்காமல் உங்கள் வண்டிக்கு எது சேரும் என்று பார்த்து உதிரியாக வாங்குங்கள். பாரிமுனை டூல்ஸ் கடைகளில் உதிரியாகவே கிடைக்கும். ஓபன் ஸ்பேனரை ஆக்சில் நட்டில் போடாதீர்கள், வழுக்கி முனை மழுங்கிவிட்டால் அப்புறம் மெக்கானிக் உளியும் சுத்தியலுமாக வருவார்.

வேலை இதுதான். ஆக்சில் நட்டைத் தளர்த்த வேண்டும், முழுக்கக் கழற்ற வேண்டாம். சில வண்டிகளில் நட்டில் ஸ்ப்ளிட் பின் இருக்கும், அதை எடுத்துவிட்டுக் கடைசியில் புதிதாக ஒன்று போடுவது நல்லது. பிறகு இரண்டு பக்கத்து அட்ஜஸ்டரையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். முழுச் சுற்று சுற்றாதீர்கள். நட்டுக்கு ஆறு முகம், வலது பக்கம் ஒரு முகம் நகர்த்தினால் இடது பக்கமும் ஒரு முகம். சுற்றி விட்டு, விறைத்த இடம் எங்கே என்று பார்த்து, அளவு எடுத்து, பிறகுதான் அடுத்த முகம். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். அதோடு நிற்காமல், பின்னால் குனிந்து பின் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து மேல் செயின் வழியாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் செயின் நேராக ஓடுகிறதா, ஒரு பக்கம் வளைகிறதா என்பது தெரிந்துவிடும். அச்சுக் கோட்டைவிட அந்தக் கண் பார்வையைத்தான் நான் நம்புவேன்.

ஆக்சில் நட்டைக் கடைசியாக இறுக்கும்போது சக்கரம் லேசாக நகர்ந்து அளவு மாறிப்போகும். அதற்கு ஒரு வழி: பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் செயினுக்கும் நடுவே மடித்த துணியைக் கொடுத்துச் சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றினால், ஆக்சில் முன்னால் இழுபட்டு அட்ஜஸ்டரில் முட்டி நிற்கும். அப்படியே நட்டை இறுக்கிவிடலாம். இறுக்கிய பிறகு அளவை இன்னொரு தரம் பாருங்கள். கிட்டத்தட்ட எல்லா வண்டியிலும் அது சற்று டைட்டாகத்தான் மாறியிருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணி பிடித்துத் துடைக்கிற பழக்கம் நம் தெருக்களில் இருக்கிறது. துணி ஸ்ப்ராக்கெட்டில் சிக்கினால் விரலும் கூடவே போகும், கையை இழுத்துக்கொள்ள நேரமே கிடைக்காது. இன்ஜின் ஆஃப், சாவி பாக்கெட்டில், சக்கரம் கையால்.

டிரம் பிரேக் வண்டிகளில் ஒரு மறைந்த பொறி உண்டு. பல கம்யூட்டர்களில் ஆக்சில் நட் மட்டுமல்ல, ஸ்ப்ராக்கெட் பக்கத்தில் ஸ்லீவ் நட் என்று இன்னொன்றும் இருக்கும். அதைத் தளர்த்தாமல் அட்ஜஸ்டரை முறுக்கினால் ஒரு பக்கம் நகரும், இன்னொரு பக்கம் அடம்பிடிக்கும். அட்ஜஸ்டர் மரை போய்விடும், அல்லது சக்கரம் கோணிக்கொள்ளும். வீட்டில் செய்து 'சரியா வரலை' என்று மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போகிறவர்களின் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சலுகை. அதில் போல்ட் அட்ஜஸ்டருக்குப் பதிலாகப் பல் வெட்டிய நத்தை கேம் இருக்கும், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கைப் பல் நகர்த்தினால் போதும். 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதிலிருந்து திருவொற்றியூருக்கும் அந்த வண்டிக்கும் உள்ள உறவு தெரிந்ததுதானே. அந்தப் பக்கத்தில் புல்லட்டைப் பற்றிச் சந்தேகம் கேட்டால் டீக்கடையிலேயே நாலு பேர் பதில் சொல்வார்கள், நாலும் வேறு வேறாக இருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் சொந்தக் கைக்கு ஈடில்லை. ஓடி முடித்து வந்து செயின் சூடாக இருக்கும்போது, கீழ்ச் செயினின் உள்பக்கத்தில் 90 கிரேடு கியர் ஆயிலோ செயின் ஸ்ப்ரேயோ விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே இருப்பதைத் துடைத்துவிட வேண்டும். இரவு செய்வது உத்தமம், காலைக்குள் உள்ளே இறங்கியிருக்கும். கீழே அட்டை போட்டுக்கொள்ளுங்கள், கோலம் போடுகிற வாசலில் எண்ணெய் சொட்டினால் வீட்டில் கிடைக்கிற அர்ச்சனை தனி. கிரீஸ் மட்டும் வேண்டாம். நம் கடற்கரை மணல் கிரீஸில் ஒட்டினால் செயின் ஓடுவதில்லை, அம்மியில் அரைபடுகிறது. கண்ணிகளில் ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயின் என்றால் பெட்ரோல் ஊற்றிக் கழுவுவதும் கம்பி பிரஷ் போடுவதும் கூடாது, அந்த ரப்பர் வளையங்கள்தான் உள்ளே கிரீஸைக் காப்பவை.

## தெருமுனை மெக்கானிக்

முழுக் கவர் போட்ட டிரம் பிரேக் வண்டிக்கு, அதாவது ஸ்பிளெண்டர், பிளாட்டினா வகைக்கு, என் ஓட்டு இவருக்குத்தான். தினமும் அதே வண்டியைத் தொடுகிற கை. ஸ்லீவ் நட்டும் அவருக்குப் புதிதல்ல, பிரேக் ராடைச் சொல்லாமலே சரி செய்வார். இன்னொரு லாபமும் உண்டு: உங்கள் பிரச்சினை செயினே இல்லை என்று கண்டுபிடிப்பார். ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது வருகிற குலுக்கலுக்குப் பல நேரம் காரணம் பின் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்கள் நசுங்கிப்போனதுதான். அது தெரியாமல் வீட்டில் செயினை டைட் செய்துகொண்டே போகிறவர்கள் உண்டு.

சரி, குறை என்ன? வாடிக்கையாளர் சத்தம் என்று சொல்லித்தான் வருகிறார், சத்தம் நின்றால்தான் காசு கொடுப்பார். அதனால் மெக்கானிக்கின் கை இயல்பாகவே இறுக்கத்தின் பக்கம் சாயும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடை முன் ஏழெட்டு வண்டி நிற்கும்போது, சக்கரத்தைச் சுற்றி விறைத்த இடம் தேட யாருக்குப் பொறுமை இருக்கும்? ஒரே இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, "ஓகேண்ணா, எடுத்துக்கோங்க" என்பார்.

இதற்கு மருந்து வாயில்தான் இருக்கிறது. காலையில் கடை திறந்ததும் போங்கள். "அண்ணா, வீலைச் சுத்திப் பாத்து டைட்டான இடத்துல வச்சுப் பண்ணுங்க. டபுள்ஸ் போற வண்டி, கொஞ்சம் ஆட்டம் விடுங்க." இந்த ஒரு வரி போதும், வண்டிக்காரருக்கு விவரம் தெரியும் என்று புரிந்துகொள்வார். வேலை முடிந்ததும் அங்கேயே கவரில் உள்ள ரப்பர் மூடியை எடுத்துவிட்டு விரல் விட்டு ஆட்டம் பாருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இரண்டு விஷயத்தில் மறுத்துவிடுங்கள். ஒன்று, டப்பாவில் இருக்கும் பழைய இன்ஜின் ஆயிலைச் செயினில் ஊற்றுவது. அதில் ஏற்கெனவே உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கும். ஓசியில் கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பெருமை இல்லை. இரண்டு, அட்ஜஸ்டர் கடைசி வரை போய்விட்ட நிலையில் "ஒரு லிங்க் எடுத்துடலாம்ணா, இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்பது. லிங்க் எடுத்தால் நீளம் குறையும், ஆனால் மிச்சமிருக்கும் ஒவ்வொரு கண்ணியும் தேய்ந்து நீண்டதாகவே இருக்கும். அது ஸ்ப்ராக்கெட் பல்லில் சரியாக உட்காராது, பல்லையும் சேர்த்துத் தின்றுவிடும். செயினைக் கழற்றி மாட்டினால் இரண்டு முனையையும் இணைக்கும் லாக்கையும் கவனியுங்கள்: கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும்.

## கம்பெனி சர்வீஸ்

இலவச சர்வீஸ் காலத்தில் இருக்கும் வண்டிக்குக் கேள்வியே இல்லை, அட்டவணைப்படி அங்கேதான். நட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) வைத்து இறுக்குவார்கள், செய்த வேலை ஜாப் கார்டில் பதிவாகும், பின்னால் வாரண்டி கேட்கும்போது அது உதவும்.

செயினுக்காக மட்டும் தனியாகப் போவதுதான் கட்டுப்படியாகாது. காலையில் விட்டால் மதியமோ மாலையோதான் கைக்கு வரும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்த பிறகு, வண்டியை விட்டுவிட்டு ரயிலில் வேலைக்குப் போவது முன்பு போல் தொல்லையில்லை. ஆனாலும் அரை மணி வேலைக்கு ஒரு நாள் வண்டியில்லாமல் இருப்பது அதிகம்தான். வேலை நடப்பதை நீங்கள் பார்க்கவும் முடியாது. வாட்டர் வாஷ் முடித்து ஈரம் காயாத செயினில் ஸ்ப்ரே அடித்துக் கொடுப்பதும் நடக்கும், ஈரத்தின் மேல் அடித்த ஸ்ப்ரே உள்ளே இறங்காது. ஆகவே ரெகுலர் சர்வீஸுக்கு விடும்போது செயினையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள், "வாஷ் பண்ணி காத்து அடிச்சு காஞ்சதும் செயின் ஸ்ப்ரே போடுங்க" என்று ஒரு வார்த்தை சேருங்கள், வெளியே எடுக்கும் முன் அளவு பாருங்கள்.

## டைட் செய்வதை நிறுத்திவிட்டு மாற்றுவது

பலர் கணக்கில் எடுக்காத நான்காவது வழி இது. "அதுக்குள்ளயா?" என்று சலித்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. செயின் வாழ்நாளின் கடைசியில் லூஸ் ஆகும் வேகம் கூடிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டைட் செய்கிறீர்கள் என்றால் தப்பு மெக்கானிக் மேல் இல்லை.

எப்படித் தெரிந்துகொள்வது? பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் புள்ளியில், அதாவது நம்பர் பிளேட் பக்கம் பார்க்கும் இடத்தில், செயினை விரலால் பின்னுக்கு இழுங்கள். நல்ல செயின் அசையாது. பாதிப் பல் வெளியே தெரிகிற அளவுக்கு எழும்பி வந்தால் அதன் காலம் முடிந்தது. அளந்தே பார்க்கலாம்: 428 வகைச் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 12.7 மி.மீ., ஆக 20 இடைவெளிக்கு 254 மி.மீ. செயினை இழுத்துப் பிடித்து அளந்து 259-ஐ நெருங்கினால், அதாவது 2 சதவீதம் நீண்டிருந்தால், மாற்ற வேண்டியதுதான். ஸ்ப்ராக்கெட் பல் அலை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கூர்மையாகியிருந்தாலும், அட்ஜஸ்டர் ஸ்டிக்கரில் சிவப்புப் பகுதிக்கு வந்துவிட்டாலும் அதே பதில்தான்.

செயினை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரமே தேயும். முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், செயின் மூன்றும் சேர்ந்த செட்டாகவே போடுங்கள். கோயம்புத்தூர் எல்.ஜி.பி.யின் ரோலான், முருகப்பா குழுமத்தின் டைமண்ட், இல்லை வண்டிக் கம்பெனியின் சொந்தச் செட், மூன்றில் எது என்றாலும் குறை சொல்ல மாட்டேன். கம்யூட்டர் செட் ஆயிரத்தைத் தாண்டும், பெரிய வண்டிக்குப் பல மடங்கு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரை போனால் விலை கொஞ்சம் இறங்கும், ஆனால் அட்டைப் பெட்டியைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள், பில்லோடு வாங்குங்கள். பேர் தெரியாத செட்டில் மிச்சமாகும் முந்நூறு ரூபாய், அதன் செயின் சீக்கிரம் நீண்டு நீங்கள் மெக்கானிக்கிடம் கூடுதலாக நடக்கிற நடையிலேயே கரைந்துவிடும்.

உங்கள் வண்டிக்கு ஓ-ரிங் செயின் கிடைக்கிறது, அதே அளவில் பொருந்தும் என்றால், கடலோரம் ஓட்டுகிறவர்கள் கூடுதல் காசு கொடுத்து அதையே போடலாம். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருக்கிற கிரீஸ் அடைபட்டு இருப்பதால் மழைத் தண்ணீரும் மணலும் அங்கே போகாது. வெளிப்பக்கம் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் விடுவது மட்டும் தொடர வேண்டும்.

## யாருக்கு எது

உணவு, பார்சல் டெலிவரி ஓட்டுகிறவர் நாளெல்லாம் சாலையில்தான் இருக்கிறார். கையேடு சொல்கிற 500 கி.மீ. அவருக்கு ஒரு வாரத்திலேயே வந்துவிடும். ஒவ்வொரு வாரமும் மெக்கானிக் கடையில் உட்கார்ந்தால் அந்த நேரத்துக்கு ஆர்டர் போகிறது. அவர் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொள்வதுதான் லாபம், டிரம் பிரேக் வண்டியாகவே இருந்தாலும். முதல் தடவை தெரிந்த மெக்கானிக் முன்னாலேயே செய்து பழகிக்கொள்ளலாம், ஒரு டீக்குச் சொல்லித் தருவார்கள்.

காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றுகிறவர், கேனில் தண்ணீர் போடுகிறவர், எரிவாயு சிலிண்டர் கட்டுகிறவர்: யார் டைட் செய்தாலும் அனுமதித்த அளவில் மேல் எல்லையில், 30-க்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். பாரம் ஏற்றிய பிறகு ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள், அப்போதும் கொஞ்சமாவது அசைய வேண்டும். உப்புத் தண்ணீர் சொட்டுகிற பெட்டி என்றால் அன்றன்றே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட வேண்டியிருக்கும்.

வாரத்தில் ஒரு நாள் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் எடுக்கிற பெரியவர்களின் வண்டிக்கு லூஸ் ஆவது பெரிய பிரச்சினையே இல்லை, துருதான் எதிரி. கண்ணிகள் இறுகி மடங்காமல் நிற்கும். அதை டைட் செய்து பயனில்லை, எண்ணெய் விட்டு அசைத்துப் பார்த்து வழிக்கு வராவிட்டால் மாற்றிவிடுங்கள்.

ஆபீஸுக்குப் போய்வருகிற, திறந்த செயின் வண்டிக்காரர்கள் எண்ணெயும் அளவும் சொந்தக் கையில் வைத்துக்கொண்டு, டைட் செய்வதை வசதிப்படி நீங்களோ மெக்கானிக்கோ செய்யலாம். முழுக் கவர் வண்டிக்கு மெக்கானிக், அளவு மட்டும் ரப்பர் மூடி வழியாக உங்கள் விரல். வாரண்டி ஓடுகிற வண்டிக்கு சர்வீஸோடு சேர்த்துக் கம்பெனி, நடுவில் லூஸ் ஆனால் தெருமுனையிலோ வீட்டிலோ பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வழியில் செய்திருந்தாலும் ஐம்பது கி.மீ. ஓடியதும் ஆக்சில் நட்டை ஒருமுறை கை வைத்துப் பார்த்துவிடுங்கள், லாக் நட்டுகளையும் சேர்த்து. புதுச் செட் போட்டவர்களுக்கு முதல் சில நூறு கி.மீ.க்குள் செயின் ஒருமுறை தொய்யும். மூட்டுகள் படிந்து உட்காருவதால் வருவது அது, சாமான் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஒரு தடவை டைட் செய்தால் அப்புறம் அவ்வளவு சீக்கிரம் தொய்யாது.